வக்கீல் அலேய்க்குட்டியும் தொம்மிச்சனின் முழங்காலும்

பொய் சொல்கிற கட்சிக்காரனைச் சமாளிக்க அலேய்க்குட்டிக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. முழங்கையில் சிராய்ப்போடு வந்து கையே விளங்கவில்லை என்பான் ஒருவன். ஒரே பைக்கில் மூன்று பேராகப் போய் விழுந்துவிட்டு, மூன்றாவது ஆள் ரோட்டோரம் நின்றவன் என்று மாதாமேல் ஆணையிடுவான் இன்னொருவன். அவர்களையெல்லாம் ஒரே அதட்டலில் உட்கார வைத்து, உண்மையைக் கறந்து, கோர்ட்டுக்கு ஆகிறதை மட்டும் எழுதிக்கொள்வாள். தொம்மிச்சன் வந்து சேர்ந்த பிறகுதான் அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டானது. அவனும் பொய் சொன்னான்தான். ஆனால் சொன்ன ஒவ்வொரு பொய்யும் எதிர்க்கட்சிக்குச் சாதகமாக இருந்தது.

அலேய்க்குட்டி வக்கீலானதே ஒரு விபத்து என்று அவளுடைய அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பெண்களையும் நர்ஸாக்குவது அவர் திட்டம். மூத்தவள் வியன்னாவுக்குப் போனாள். இளையவள் குவைத்துக்குப் போனாள். நடுவில் பிறந்த அலேய்க்குட்டி, பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், யாருடைய விரலுக்கோ கட்டுப் போடுவதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். விழுந்த வேகத்தில் தாடை கிழிந்து இரண்டு தையலோடு வீடு திரும்பினாள். ரத்தம் பார்க்க வேண்டாத படிப்பாக இருக்கட்டும் என்று எர்ணாகுளத்தில் சட்டம் படித்தாள். படித்து முடித்துச் சேர்ந்த இடத்தில், சீனியர் வக்கீல் நிலத்தகராறுகளையெல்லாம் ஆண் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டு, யாரும் தொடாத விபத்து வழக்குக் கட்டுகளை இவள் மேஜைக்குத் தள்ளினார். காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, அறுத்துத் தைத்த காலின் புகைப்படம். முதல் வருஷம் முழுக்கக் கண்ணை இடுக்கிக்கொண்டே படித்தாள். பிறகு பழகிப்போயிற்று.

சீனியர் காலமானபின் கோர்ட்டுக்கு எதிரே, பேக்கரியின் மாடியில் தனக்கென்று ஓர் அறை பிடித்தாள். அவசரப் பிரிவு வாசலில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நின்று கேஸ் பிடித்து வரும் தரகர்களை அவள் படியேற விடுவதில்லை. அதனால் கேஸும் குறைவு. வருகிறவையும் பெரும்பாலும் மற்ற வக்கீல்கள் பார்த்துவிட்டுக் கைகழுவியவை.

தொம்மிச்சனைக் கூட்டிக்கொண்டு வந்தது அவளுடைய குமாஸ்தா வர்க்கிச்சேட்டன். அறுபத்தெட்டு வயது, சளைக்காத டைப்பிஸ்ட்.

“நம்ம சர்ச்காரன்தான் மேடம். ரப்பர் பால் வெட்டறவன். நல்ல ஆளு,” என்றார்.

“நல்ல ஆளா? அய்யோ,” என்றாள் அலேய்க்குட்டி.

ஊன்றுகோலோடு, ஒவ்வொரு படியாக, மனைவி சின்னம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தொம்மிச்சன் ஏறி வந்தான். ஐம்பது வயது இருக்கும். கறுத்து ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். நடந்ததை அவன் சொல்வதற்குள் அலேய்க்குட்டி இரண்டு டீ குடித்து முடித்தாள். பாதி அவன் சொன்னான், மீதியை சின்னம்மா சொன்னாள்.

நான்கு மாதத்துக்கு முன், நவம்பரில், காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு தோட்டத்தில் வெட்டி முடித்து அடுத்த தோட்டத்துக்குப் பழைய பைக்கில் போய்க்கொண்டிருந்தான். ரோட்டோரச் சிலுவை நிற்கிற குருசடி வளைவில், அன்னாசிப்பழ லோடு ஏற்றிய வேன் ஒன்று தன் பக்கத்தை விட்டுவிட்டு இவன் பக்கமாக வளைந்து வந்து இடித்தது. பைக் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். வலது முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, தகடும் ஆணிகளும் வைத்துப் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

“வேன்காரன்தானே தப்பு?” என்றாள் அலேய்க்குட்டி பேனாவைத் திறந்தபடி.

“ஆமா வக்கீலே. அவன்தான் என் பக்கம் வந்தான்.”

“போலீஸ்ல என்ன சொன்னீங்க?”

தொம்மிச்சன் கூரையைப் பார்த்தான். சின்னம்மா தரையைப் பார்த்தாள்.

“புகார் இல்லைன்னு சொன்னேன்.”

“என்னது?”

“அந்த டிரைவர் பினீஷ் ஆஸ்பத்திரிக்கு வந்தான் வக்கீலே. கட்டில் காலைப் பிடிச்சிக்கிட்டு அழுதான். முதலாளி வேலையை விட்டு எடுத்துடுவாருன்னான். பாவம், சின்ன வயசு. கையில அன்னாசிப்பழம் வேற கொண்டுவந்தான்.”

“அன்னாசிப்பழமா?”

“அதே லோடுதான் சேச்சி,” என்றாள் சின்னம்மா, வெறுப்பை மறைக்காமல். “இவரை இடிச்ச வண்டியில இருந்து இறக்கின பழம். இவரு அதை வார்டு முழுக்க நறுக்கிக் குடுக்கச் சொன்னாரு. புளிப்பு.”

அலேய்க்குட்டி பேனாவை மூடினாள். நாலாம் நாள் வந்த ஏட்டு, புகார் இல்லை என்ற வார்த்தையைக் கேட்டதும் வேலை மிச்சம் என்று, பைக் தானாகவே சறுக்கி விழுந்ததாக எழுதி முடித்துவிட்டுப் போயிருந்தார். தொம்மிச்சன் அதற்குக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

“தொம்மிச்சா, இதைக் கேளுங்க. அந்தப் பையன் உங்களுக்கு ஒரு பைசா குடுக்க வேண்டாம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. குடுக்கப்போறது கம்பெனி. கம்பெனி வந்து உங்க கட்டில் காலைப் பிடிச்சு அழுததா?”

“இல்ல.”

“பின்ன யாருக்குய்யா பாவம் பார்த்தீரு?”

தொம்மிச்சன் ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் தரையில் திருகிக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு கையெழுத்தை மாற்ற எட்டு மாதம் ஆயிற்று. மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார், மறுவிசாரணை, வளைவில் போய் டயர்த் தடம் தேடிய கூத்து. இத்தனை மாதம் கழித்துத் தடம் எங்கே இருக்கும்? கடைசியில் குருசடிக்கு எதிரே பால் வாங்க நின்றிருந்த ஒரு ரிட்டையர்டு தபால்காரர் சாட்சி சொல்ல வந்தார். வழக்குப் பதிவாயிற்று. பினீஷ் அபராதம் கட்டினான். அவனை வேலையை விட்டு யாரும் எடுக்கவில்லை. கோர்ட் வாசலில் தொம்மிச்சனைப் பார்த்து, “சேட்டா, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு அதே வேனை எடுத்துக்கொண்டு போனான். தொம்மிச்சன் கை காட்டினான். அலேய்க்குட்டி திரும்பி நின்றுகொண்டாள்.

இதற்கிடையில், அலேய்க்குட்டி போட்ட நஷ்டஈட்டு மனுவுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பதில் மனு வந்தது. கம்பெனிக்காக ஆஜரானவர் ஜெயதேவன் கர்த்தா. நல்ல மனிதர், நல்ல வக்கீல். கோர்ட் கேன்டீனில் இருவரும் சேர்ந்து வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி தின்பவர்கள்தான். ஆனால் மனுவில் அவர் எழுதியிருந்ததைப் படித்ததும் அலேய்க்குட்டிக்குத் தின்ற பழம்பொரி தொண்டைக்கு வந்தது. மனுதாரர் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் ஹேண்டிலில் மாட்டியிருந்தாராம். ஆகவே காயத்துக்கு அவரும் பொறுப்பாம்.

கேன்டீனுக்கே போய்ப் பிடித்தாள்.

“கர்த்தா சார், உடைஞ்சது முழங்கால். ஹெல்மெட்டை எங்க போட்டிருக்கணும்கறீங்க?”

“எழுதச் சொன்னாங்க, எழுதினேன். கோவிச்சுக்காதீங்க அலேய்க்குட்டி.”

“சும்மா கேக்கறேன். முழங்காலுக்கு ஹெல்மெட் எங்க விக்குதுன்னு சொல்லுங்க, என் கட்சிக்காரங்களுக்கெல்லாம் வாங்கித் தர்றேன்.”

கர்த்தா சிரித்துக்கொண்டே டீக்குக் காசு கொடுத்தார். மனுவிலிருந்து அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை.

தொம்மிச்சனிடம் கேட்டதற்கு, ஆமாம், ஹேண்டிலில்தான் மாட்டியிருந்தேன் என்றான். வெட்டுகிறவனுக்குத் தலையில் விளக்குக் கட்டியிருக்கும். ஒரு தோட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர். அதற்காக விளக்கை அவிழ்த்து ஹெல்மெட் போட்டு, மறுபடி ஹெல்மெட்டை அவிழ்த்து விளக்கைக் கட்ட யாரால் முடியும் என்று நியாயமாகக் கேட்டான். “இதை கோர்ட்ல கேட்டா மட்டும் சொல்லுங்க. கேக்காம சொல்லாதீங்க,” என்று கெஞ்சினாள்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. பிறகு வந்தது மெடிக்கல் போர்டு.

விபத்து வழக்கில் எல்லாம் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. கால் எத்தனை சதவீதம் போயிற்று என்று டாக்டர்கள் பார்த்து எழுதுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றக் கணக்கெல்லாம். எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர் ஒருவர் இருபதுக்குக் குறையாது என்று அலேய்க்குட்டியிடம் முன்பே சொல்லியிருந்தார். “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, அது போதும். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்,” என்று தொம்மிச்சனிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். அவன் குணம் தெரிந்ததால் தானும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்தாள்.

தொம்மிச்சன் ஊன்றுகோல் இல்லாமல் வந்தான். புதுச் சட்டை. முகத்தில் பவுடர். உள்ளே போனவன் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தான். சான்றிதழில் ஆறு சதவீதம் என்றிருந்தது.

அலேய்க்குட்டி தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பதுபோல.

“உள்ள என்னய்யா சொன்னீரு?”

“மடக்கச் சொன்னாங்க. மடக்கினேன்.”

“எப்படி மடக்கினீரு? படியேற ஆளைப் பிடிக்கிற மனுஷன்!”

“ரெண்டு வலி மாத்திரை போட்டுக்கிட்டுப் போனேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு மடக்கிட்டேன். வேலை செய்ய முடியுதான்னு கேட்டாரு. நல்லா முடியுது சார், முன்ன மாதிரியேன்னு சொன்னேன்.”

வராந்தாவில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அலேய்க்குட்டி கத்தினாள். “நான் உமக்கு வக்கீலா, இல்ல அந்தக் கம்பெனிக்கு நீரு வக்கீலா? ரெண்டு வருஷமா நான் சாண் ஏறினா நீரு முழம் இழுத்து விடறீரே! ஊரெல்லாம் நல்ல காலை நொண்டின்னு காட்டிப் பணம் வாங்கறான். நொண்டற காலை நல்ல காலுன்னு காட்டினது இந்த ஜில்லாவுலயே நீரு ஒருத்தர்தான்!”

தொம்மிச்சன் தலைகுனிந்து நின்றான். வலிமாத்திரையின் வேகம் குறைந்துகொண்டிருந்தது போலும்; சுவரைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்தபோது அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. உள்ளே நின்றபோது அந்தச் சுவரைப் பிடித்திருக்கக் கூடாதா?

அடுத்த வியாழக்கிழமை சின்னம்மா தனியாக வந்தாள். நான்கு கப்பக்கிழங்கை ஒரு பையில் கொண்டுவந்து மேஜைக்கடியில் வைத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சேச்சி, அவரைத் திட்டாதீங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இருந்தாலும் சொல்றேன். வெட்டற முன்னூத்தம்பது மரமும் புன்னூஸ் முதலாளியோடது. போன ஈஸ்டருக்கு சர்ச் முற்றத்துல வெச்சு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. ‘தொம்மிச்சா, கால் சரியா இருக்கா? முடியலைன்னா சொல்லிடு, வங்காளிப் பசங்க வரிசையில நிக்கறாங்க’ன்னு. இவரு அங்கயே ரெண்டு எட்டு வேகமா நடந்து காட்டினாரு. கவர்மென்ட் தாள்ல இருபது சதவீதம் நொண்டின்னு எழுதி வந்தா அன்னிக்கே மரம் போயிடும் சேச்சி.”

அலேய்க்குட்டி கேட்டாள்: “அப்போ இப்ப மரம் வெட்டறது யாரு?”

“மேல்வெட்டு அவரு. கீழ்வெட்டு நான்.”

இதை நேரில் பார்க்காமல் அலேய்க்குட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஆட்டோ பிடித்துப் புன்னூஸின் தோட்டத்துக்குப் போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அட்டை கடிக்காமலிருக்கச் செருப்பில் உப்பைத் தடவிக்கொண்டு, சரிவில் ஏறினாள். மரங்களுக்கிடையில் இரண்டு விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. பாதி மரங்களில் வெட்டு நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவற்றைத் தொம்மிச்சன் நின்றபடியே, ஒரே இழுப்பில், சீவல் சுருண்டு விழ வெட்டிவிட்டு நகர்ந்தான். மற்றப் பாதியில் பல வருஷ வெட்டு இறங்கி இறங்கி முழங்கால் மட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே சின்னம்மா குந்தி உட்கார்ந்து வெட்டினாள், எழுந்தாள், அடுத்த மரம், மறுபடி குந்தினாள். நூற்றெழுபது மரம். அவளுக்குப் பின்னால் தொம்மிச்சன் நின்று வெளிச்சம் காட்டினான். பள்ளத்தில் பார்த்துக் கால் வை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் “சும்மா இருங்க, எனக்குக் கண் இருக்கு,” என்று ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அலேய்க்குட்டியைக் கண்டதும் தொம்மிச்சன் கத்தியைத் தாழ்த்தினான்.

“இவ சொல்லிட்டாளா?”

“இதை கோர்ட்ல சொன்னா ஜெயிச்சிடலாம் தொம்மிச்சா. இவங்களையே சாட்சியா ஏத்தறேன். ஆறு சதவீதம் என்ன ஆறு? தொழில்ல பாதி போயிருக்கு. அதை ஜட்ஜ் தனியா கணக்குல எடுக்கலாம், சட்டம் இருக்கு.”

“வேண்டாம்.”

“ஏன்யா?”

“வக்கீலே, நீங்க வாங்கித் தர்றது ஒரு தடவை வரும். இது தினமும் பால் தருது. மரம் போச்சுன்னா, வர்ற பணத்தை எத்தனை நாள் உக்காந்து தின்னுவோம்?”

அவன் சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் அலேய்க்குட்டிக்கு எரிச்சலாக இருந்தது. காலில் ஏறிய அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, வந்த வழியே இறங்கினாள். வீட்டில் கணவர் குருவிளா, இந்நேரத்தில் எங்கே போனாய் என்று கேட்டார். “பைத்தியக்காரங்களைப் பார்க்கப் போனேன்,” என்றாள். “கேஸ் ஜெயிக்குமா?” என்றார். “ஜெயிக்க விடமாட்டாங்க,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கட்சிக்காரன் வேண்டாம் என்றதை வக்கீல் சொல்ல முடியாது. ஆறு சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டே விசாரணைக்குப் போனாள்.

தொம்மிச்சன் கூண்டில் ஏறி சத்தியம் செய்தான். சின்னம்மா பின்பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கர்த்தா குறுக்கு விசாரணைக்கு எழுந்து, ஹெல்மெட்டைப் பற்றி நாலு கேள்வி கேட்டு முடித்து, கோட்டுப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். கம்பெனி ஓர் ஆளை, மரத்தில் உறைந்துகிடக்கும் ஒட்டுப்பால் வாங்க வந்தவன்போல அனுப்பி, தோட்டத்தில் வீடியோ எடுத்திருந்தது. தொம்மிச்சன் நின்று, ஜம்மென்று மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

அலேய்க்குட்டி துள்ளி எழுந்தாள். “ஆட்சேபிக்கிறேன். எடுத்தது யார், எப்போ, எந்தப் போன், எதுக்கும் சான்றிதழ் இல்லை. இதில் இருப்பது மனுதாரர்தான் என்பதற்கே—”

“அது நான்தான் வக்கீலே,” என்றான் தொம்மிச்சன் கூண்டிலிருந்து. “நல்லா தெரியுதே.”

அலேய்க்குட்டி உட்கார்ந்தாள். பேனாவைக் கட்டின் மேல் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். இனி அவன் பாடு.

“அப்போ உங்களால மரம் வெட்ட முடியுது,” என்றார் கர்த்தா.

“முடியுது சார்.”

கர்த்தா திருப்தியாக உட்காரப் போனார். ஆனால் நீதிபதி போனைத் தன்னிடம் தரச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். அவருடைய வீட்டுக்குப் பின்னாலும் நாற்பது ரப்பர் மரம் நின்றது.

“இந்த வெட்டு நெஞ்சளவுல இருக்கு. எல்லா மரமும் இப்படியா?”

“இல்ல சார். பாதி மரம் முழங்கால் அளவு.”

“அதையும் நீங்கதான் வெட்டறீங்களா?”

தொம்மிச்சன் முதல் தடவையாக அலேய்க்குட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அசையவில்லை. அவன் கழுத்துப் பொத்தானைத் தடவினான்.

“சத்தியம் பண்ணியிருக்கீங்க,” என்றார் நீதிபதி.

“அதை... அதை இவ வெட்டறா சார்.” பின்பெஞ்சைக் கை காட்டினான்.

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. சிலர் சின்னம்மாவைப் பார்க்க எட்டிப் பார்த்தார்கள். அவள் குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் ஆகப்போகுது சார்.”

“கீழே இறங்கிக் குந்தி உக்காருங்க பார்ப்போம்,” என்றார் நீதிபதி.

அன்று அவன் மாத்திரை போட்டிருக்கவில்லை. கூண்டைவிட்டு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்தான். பாதி வரை போனான். அங்கிருந்து கீழே போக முடியவில்லை. மேலே வரவும் முடியவில்லை. முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை பூத்தது. “போதும், போதும், எழுந்திருங்க,” என்றார் நீதிபதி. வர்க்கிச்சேட்டனும் கோர்ட் பியூனும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கர்த்தா போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் தொம்மிச்சன், “போச்சு. மரம் போச்சு,” என்றான். பஸ் ஏறும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயிக்கப்போகிறவனின் முகமாக அது இல்லை. அலேய்க்குட்டிக்கு அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, ஏதாவது சமாதானம் சொல்லவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தாள்.

புன்னூஸ் முதலாளிக்கு விஷயம் எட்ட இரண்டு நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல், கீழ்வெட்டு மரங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பட்டை தாண்டிக் கத்தி உள்ளே இறங்கினால் மரத்துக்குக் காயம். பிறகு அந்த இடத்தில் பால் வராது. இருபது முப்பது மரம் பார்த்தும் ஒரு காயம் கிடைக்கவில்லை.

“இது யார் வெட்டு?”

“இவதான்,” என்றான் தொம்மிச்சன்.

“உன் வெட்டைவிட நல்லாருக்கே.”

தொம்மிச்சனுக்கு அது கோர்ட்டில் குந்தியதைவிடக் கசந்தது. ஆனால் மரம் போகவில்லை. புன்னூஸ் போகிறபோது, பெண்ணாள் வெட்டுகிற மரத்துக்குக் கூலி கொஞ்சம் குறையும், அதுதானே வழக்கம் என்று ஒரு வார்த்தை போட்டார். சின்னம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அப்போ ரெண்டு வருஷமா என் வெட்டுக்கு ஆம்பளைக் கூலி குடுத்தீங்களே, பால் குறைச்சலாவா வந்துச்சு முதலாளி?” புன்னூஸ் கூலிப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. இதையெல்லாம் வர்க்கிச்சேட்டன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கேட்டு வந்து, திங்கட்கிழமை டைப் அடிப்பதை விட்டுவிட்டு நடித்துக் காட்டினார்.

தீர்ப்பு வந்தது. முழங்கால் காயத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நீதிபதி ஒரே வரியில் தள்ளியிருந்தார். ஆறு சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, தொழிலில் முப்பது சதவீதம் போயிற்று என்று எடுத்துக்கொண்டார். அலேய்க்குட்டி எதிர்பார்த்ததைவிட நல்ல தீர்ப்பு. தொம்மிச்சனையும் சின்னம்மாவையும் வரவழைத்து, தீர்ப்பை வரிவரியாகச் சொல்லி விளக்கினாள். தொம்மிச்சன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாதியில் சின்னம்மா கை நீட்டித் தடுத்தாள்.

“கூட இருந்து பார்த்துக்கிட்டவங்களுக்குன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது என்ன?”

“நீங்க ஆஸ்பத்திரியில கூட இருந்தீங்கல்ல? அந்தப் பத்தொன்பது நாளுக்கு.”

“பத்தொன்பது நாளுக்கு மட்டுமா?”

“அதுக்குத்தான் சட்டத்துல இடம் இருக்கு.”

“சேச்சி, ஆஸ்பத்திரியில நான் நாற்காலியில சும்மா உக்காந்திருந்தேன். அதுக்குப் பணம் இருக்கு. அப்புறம் ரெண்டு வருஷம் தினமும் நூத்தெழுபது தடவை குந்தி எழுந்திருக்கேனே, எனக்கே இப்ப முழங்கால் வலிக்குது. அதுக்கு?”

அலேய்க்குட்டி தீர்ப்பைப் புரட்டினாள். அதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை மனைவிகள் இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருத்தியிடமாவது, வீட்டில் இப்போது அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று தான் கேட்டதுண்டா என்று யோசித்தாள். கேட்ட ஞாபகம் இல்லை.

“இல்லை சின்னம்மா. அதுக்கு ஒண்ணும் இல்லை.”

“இதென்ன சட்டம் சேச்சி?”

“என்னைக் கேட்டா? நானா எழுதினேன்?” என்று எரிந்து விழுந்தாள். உடனே, “கப்பக்கிழங்கு நல்லா இருந்தது,” என்றாள். சின்னம்மா சிரிக்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் கம்பெனி ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடு போயிற்று. காரணங்களில் முதலாவது, ஹெல்மெட். அலேய்க்குட்டி அந்தத் தாளைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக எறியப் போனாள். கீழே பேக்கரிக்காரர் நின்றதால் எறியவில்லை. எதிர்மனு தயாரிக்க உட்கார்ந்தபோது, தன் பக்கத்திலிருந்தும் ஒரு கோரிக்கை சேர்க்கலாமே என்று தோன்றியது. மனுதாரரின் மனைவி இரண்டு வருஷம் செய்த வேலைக்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல வர்க்கிச்சேட்டன் டைப் அடித்தார். பாதியில் நிறுத்தினார்.

“இதுக்கு எந்தப் பிரிவு போடறது மேடம்?”

“பிரிவு இல்ல.”

“பிரிவு இல்லாம மனு எப்படி?”

“இடம் விட்டு அடிங்க சேட்டா. யாராவது கேட்டா அப்ப தேடிக்கலாம்.”

இதுவரை யாரும் கேட்கவில்லை. மேல்முறையீடு எர்ணாகுளத்தில் வரிசையில் கிடக்கிறது. அதுவரைக்கும் கம்பெனியைக் கோர்ட் கட்டச் சொன்ன பாதிப் பணம் வந்தது. அதில் தொம்மிச்சனும் சின்னம்மாவும் வீட்டுச் சுவருக்குச் சிமென்ட் பூசினார்கள். மீதிக்காகச் சின்னம்மா மாதம் ஒரு தடவை போன் செய்கிறாள்.

“வந்துச்சா சேச்சி?”

“வரலை சின்னம்மா. இந்த மாசமும் தள்ளிட்டாங்க.”

“சரி, வெச்சிடறேன். மழை இறங்குது, பால் பிடிக்கிற சிரட்டையெல்லாம் கவுத்தணும்,” என்பாள். போனை அணைக்க மறந்துவிடுவாள். அலேய்க்குட்டியின் காதில் கொஞ்ச நேரம், மழைச் சத்தத்துக்கு நடுவே, பார்த்து இறங்கு என்று தொம்மிச்சன் கத்துவதும், அவள் திருப்பிக் கத்துவதும் கேட்டுக்கொண்டிருக்கும்.